கோல்கீப்பர் பெயரை இன்னும் எழுதவில்லை

யாங்கோனின் அலோன் பகுதியில் மழை நின்று பெய்கிறது. மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அந்தத் தண்ணீரில் பெண்கள் பந்தைத் துரத்துகிறார்கள். பந்து உருளவில்லை, மிதக்கிறது, உதைத்தால் பறக்கிறது, விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பூ விரிந்து அடங்குகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் துறைமுகத்து கிரேன்கள் தலை குனிந்து ஆட்டம் பார்க்கின்றன. நான் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துவிட்டேன். இந்த வயதில் ஒரு மனிதன் நனைவதற்குக் காரணம் வேண்டும் என்றால், எனக்கு இருக்கிறது. ஆற்றோரக் கல்லூரி இந்த சீசனில் ஆடப்போகிறது. வெறுமனே ஆடப்போவதில்லை. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால்...

வேண்டாம். அதை முதல் பத்தியில் சொல்லக்கூடாது என்பது என் பழைய ஆசிரியரின் சட்டம்.

விளையாட்டு வாரப் பத்திரிகை ஒன்றில் கல்லூரிக் கால்பந்துக்கு முன்னோட்டம் எழுதுவது என் வேலையாக இருந்தது. பர்மியத்தில்தான் எழுதினேன். யாங்கோனில் கல்லூரி அணிகள் மழைக்காலம் முழுக்கப் பயிற்சி எடுக்கும். தடிஞ்சுட் பண்டிகை விளக்குகள் அணைந்து, தரை காய்ந்து, காற்றில் கொஞ்சம் குளிர் ஏறியதும் போட்டிகள் தொடங்கும். அந்தச் சேற்றுக்கும் அந்தக் குளிருக்கும் நடுவே உள்ள சில வாரங்கள்தான் என்னுடைய நாடு. நடந்ததை எழுத நிறையப் பேர் இருந்தார்கள். நடக்காததை எழுத நான் ஒருவன். பத்திரிகை காகிதத்தை நிறுத்திக்கொண்டபோது எனக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். சாப்பாடு போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்கு என்னைவிட ஓய்வு அதிகம். கரண்ட் போல அதுவும் முறை வைத்துத்தான் ஓடுகிறது.

அங்கே என்னோடு வேலை பார்த்த தேவி இப்போது போனில் ஒரு கால்பந்துப் பக்கம் நடத்துகிறாள். போன மாதம் கூப்பிட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும். பாதி தூரத்தில் பர்மியப் படகில் ஏறிவிடுவாள். பெரியவர்களுக்குப் பர்மியர் போடும் 'ஊ' எப்போதும் என் பெயருக்கு முன்னால் இருக்கும்.

"ஊ மணி, ஆற்றோரக் கல்லூரி முன்னோட்டம் நீங்கதான் எழுதணும். இந்த வருசம் ஆம்பளைப் பசங்க டீம் இல்ல. தெரியுமா?"

தெரியும். பாதிப் பேர் பாங்காக்கில், மீதியில் பாதி மலேசியாவில். பதினோரு பேர் சேரவில்லை.

"பொம்பளைப் பிள்ளைங்க டீம் மட்டும்தான் இறங்குது. கல்லூரிக்கே அது ஒண்ணுதான். எல்லாரும் சிரிக்கிறாங்க. நீங்க போய்ப் பாருங்க. பார்த்துட்டு நீங்களும் சிரிச்சா நான் விட்டுடறேன்."

அவள் போனை வைத்த சூடு ஆறுமுன்னே இன்னொரு போன். நிஜாம். அந்த அணியின் பயிற்சியாளன். போட்டாதாங்கில் அவன் வாப்பா வைத்திருந்த கயிற்றுக் கடையிலிருந்து எனக்கு அவனைத் தெரியும்.

"அண்ணே, வர்றீங்களாமே. ரொம்ப சந்தோசம். வந்து பார்த்து பதினோரு பேரையும் நீங்களே எழுதிடுங்க." ஒரு மூச்சு விட்டான். "கோல்கீப்பரையும்."

அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் போன் போட்டிருக்கிறான் என்று உடனே புரிந்தது. ஏனென்றால் அந்த அணியில் கோல்கீப்பர்கள் இரண்டு பேர். ஒருத்தி மா ஏ. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டாலாவிலிருந்து தினமும் படகேறி வருகிறவள். இன்னொருத்தி ரிஸ்வானா. நிஜாமின் மகள்.

*

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஆசிரியர் ஊ டுன். அப்பாவைப் போல வார்ஃபில் கிரேன் ஓட்டப் போகவேண்டியவன், பிழை திருத்தப் போய், ஆட்ட முடிவுகளை போனில் கேட்டு எழுதி, ஒருநாள் முன்னோட்டக்காரன் ஆனேன். அந்த வருடங்கள் அவ்வளவுதான். ஊ டுன்தான் முக்கியம்.

அவர் உட்கார்ந்து படிக்கமாட்டார். எழுதிக் கொண்டுபோனால் எழுந்து நிற்பார். வலதுகாலை நாற்காலிமேல் தூக்கி வைப்பார். லோன்ஜியை முழங்காலுக்கு ஒதுக்குவார். கன்னத்தில் வெற்றிலையை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அறை முழுக்கக் கேட்கும்படி நம் எழுத்தை உரக்க வாசிப்பார். பிடிக்காத சொல் வந்தால் நிறுத்துவார். கீழே இருக்கும் தகர டப்பாவில் துப்புவார். அவ்வளவுதான் விமர்சனம். டப்பா சத்தத்தை வைத்து எந்தச் சொல் செத்தது என்று பக்கத்து மேஜைக்காரர்கள் பந்தயம் கட்டுவார்கள். 'மின்னல் வேக' என்று ஒருமுறை எழுதினேன். டப்பா கவிழ்ந்தே போனது.

"ஜெயிப்பாங்கன்னு எழுதறவன் ஜோசியக்காரன். நம்ம பக்கத்தில ஜோசியத்துக்கு வேற ஆள் இருக்கார். எப்படி ஆடுவாங்கன்னு எழுது" என்பார்.

ஓர் அணியை மூன்று முறை பார்க்காமல் ஒரு வரி எழுதக்கூடாது. அதுவும் மழையில். காய்ந்த தரையில் எல்லோரும் அழகாகத்தான் ஆடுவார்கள், ஈரத்தில்தான் சாயம் தெரியும் என்பது அவர் கட்சி. முதல் பார்வை கோலுக்குப் பின்னாலிருந்து. அப்போது பந்தைப் பார்க்கக்கூடாது, பந்து இல்லாதவனைப் பார்க்கவேண்டும். சும்மா இருக்கும்போது அவன் இடுப்பில் கை வைத்து நிற்கிறானா, இல்லை அடுத்த இடத்தைத் தேடி நகர்கிறானா. இரண்டாவது பார்வை பக்கக்கோட்டிலிருந்து. பின்வரிசை நால்வருக்கும் இடையே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளவேண்டும். அந்தக் கயிறு எங்கே தொய்கிறது, எங்கே அறுகிறது. மூன்றாவது பார்வையில் பார்வையே கிடையாது. மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். கேட்கவேண்டும்.

முதல்முறை நான் அப்படி நின்றபோது எதிரே டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "என்ன கோ மணி, மைதானத்தோட சண்டையா? பேச்சு வார்த்தை இல்லையா?"

ஆனால் நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் காது கண்ணாகிவிடும். நல்ல அணியில் முதலில் ஒரு குரல் வரும். பிறகு பந்து உதைபடும் சத்தம். பிறகு ஓடும் கால்கள். குரல், உதை, ஓட்டம். மோசமான அணியில் முதலில் உதை. பிறகு ஓட்டம். எல்லாம் முடிந்தபிறகு குரல் வரும், அது திட்டு. இந்த வரிசையை மட்டும் முதுகால் கேட்டு, ஒரு சீசன் எப்படிப் போகும் என்று நான் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் போனது. அந்தச் சந்தோசத்துக்கு ஈடு சொல்ல எனக்கு இன்றும் சொல் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் டப்பாவுக்குத்தான் போகும்.

*

முன்னோட்டத்தின் கடைசியில் பதினோரு பெயர்களை எழுதுவோம். முதல் ஆட்டத்தில் இவர்கள் இறங்கலாம் என்ற ஊகம். முதல் பெயர் கோல்கீப்பர். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஊகம் என்று.

அந்தக் காலத்தில் ஆற்றோரக் கல்லூரிக்கு சயா மிண்ட் பயிற்சியாளர். சயா என்றால் வாத்தியார். அவரை வேறு எப்படியும் கூப்பிடத் தோன்றாது. பஞ்சு மாதிரி மனிதர். ஒவ்வொரு வருடமும் டீக்கடையில் என் தோளைத் தொட்டு, "கோ மணி, இடதுபக்கம் யாரு உங்களுக்கு நல்லாப் படுது?" என்பார். நான் சொல்வேன். தலையாட்டுவார். சனிக்கிழமை பத்திரிகை வரும். அன்றைக்கு மட்டும் சயா பயிற்சிக்குத் தாமதமாக வருவார். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், டீக்கடையில் என் பக்கத்தைச் சுற்றி அணி முழுக்கக் கூடி நிற்பதைப் பார்த்தேன். ஒரு பையன் விரலால் பெயர்களை இறங்கி இறங்கித் தொட்டான். கடைசிப் பெயருக்குக் கீழே விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பூட்ஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தான். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவன் தெரு திரும்பியபிறகுதான் எதிர்ப் பக்கத்திலிருந்து சயா மிண்டின் சைக்கிள் வந்தது.

நான் எழுதியது ஊகமில்லை. அணியே அதுதான்.

இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். மற்றவர்களுக்காக: பர்மியத்தில் அனாடே என்று ஒரு சொல் உண்டு. எதிரில் இருப்பவர் மனம் சுருங்கிவிடுமோ என்று நம் நாக்கு முன்கூட்டியே சுருங்கிப்போவது. இங்கே நூறு வருடம் வாழ்ந்த தமிழர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டது. விருந்துக்கு வரமுடியாது என்பதை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கே அரைநாள் ஆகும். அதே அனாடேதான் சயா மிண்டுக்கும். நீ இல்லை என்று ஒரு பையனின் முகத்துக்கு நேரே சொல்ல அவரால் முடியவில்லை. அதனால் பத்திரிகை சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் நிஜாமின் வருடம். கல்லூரியில் கடைசி ஆண்டு, கோல்கீப்பர். அந்த மழையில் பாத்தேன் ஊர்ப் பக்கமிருந்து முதலாண்டுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். கை நீட்டினால் கம்பம் தட்டும் உயரம். மூன்று பார்வையும் பார்த்தேன். சந்தேகமே இல்லை. புதியவன் பெயரை முதலில் எழுதி ஊ டுன்னிடம் நீட்டினேன்.

காலைத் தூக்கி வைத்து வாசித்துக்கொண்டே வந்தவர் அந்தப் பெயரில் நின்றார். துப்பவில்லை.

"பழைய கோல்கீப்பருக்கு இது தெரியுமா?"

"சயா சொல்லியிருப்பார்."

"சொல்லியிருப்பாரா, சொன்னாரா?"

சயாவின் சைக்கிளைப் பற்றி அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"இன்னொருத்தருக்கு வாயா இருக்கிறது நம்ம தொழில் இல்ல, மணி. பக்கம் காத்திருக்கும். போ. முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு வா. அப்புறம் அச்சடிக்கலாம்."

போட்டாதாங்குக்கு பஸ் ஏறினேன். ஸ்ட்ராண்ட் ரோட்டில், படகுக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடை. வாசலில் அணியின் பச்சை நிறத்தில் ஒரு துண்டுத் தார்ப்பாய் கொடி மாதிரி தொங்கியது. நிஜாம் நைலான் கயிற்றைக் கை விரித்து முழம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் வாப்பா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தார்.

"வா மணி வா! முதல் ஆட்டத்துக்குக் கடையைச் சாத்துறேன், தெரியுமா? படகு ஜெட்டிக்காரன் எல்லாரும் வர்றான். லாரி பேசியாச்சு."

டீ வந்தது. நான் தொடவில்லை. நிஜாம் அருகே போய், "தம்பி, சனிக்கிழமை பேப்பர்ல உன் பேர் வரல" என்றேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது.

அவன் கை நிற்கவில்லை. ஒரு முழம், இன்னொரு முழம், அப்புறம் எண்ணிக்கை தவறிவிட்டது. கயிற்றைக் கீழே விட்டு மறுபடி முதலிலிருந்து போட ஆரம்பித்தான்.

"சயா அனுப்பினாரா அண்ணே?"

"இல்ல. நானா வந்தேன். எங்க ஆசிரியர் போகச் சொன்னார்."

"ஓ" என்றான். பிறகு, திரும்பாமலே: "வாப்பா. லாரி வேணாம்."

"ஏன்டா?"

"நான் ஆடல."

அவன் வாப்பா என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். வெளியே போய், பச்சைத் தார்ப்பாயின் நுனியில் மடங்கியிருந்ததை நீவிவிட்டார். கழற்றவில்லை. "டீ ஆறுது மணி" என்றார்.

அந்த சீசன் முழுக்க நிஜாம் வந்தான். கோலுக்குப் பின்னால் நின்றான். நடுவில் ஒரு நாள் நான் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றபோது அது கேட்டது. குரல், உதை, ஓட்டம். ஆனால் குரல் கோட்டுக்கு வெளியிலிருந்து வந்தது. "வலது! ஏறு! விடு, விடு, அவன் எனக்கு!" உள்ளே நின்ற உயரமான பையன் கைகளை மட்டும் வைத்திருந்தான். கண் நிஜாமுடையது. அடுத்த வருடம் சயா மிண்ட் அவனை உதவிப் பயிற்சியாளன் ஆக்கினார். அதையும் அவர் வாயால் சொல்லவில்லை. விசிலை அவன் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டாராம்.

*

இப்போது அந்த விசில்தான் என் எதிரே மழையில் ஊதுகிறது. நிஜாமுக்கு நெற்றி ஏறிவிட்டது, வயிறு கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. இளவயதில் கோ மணியாக வந்து போய்க்கொண்டிருந்த என்னை இந்தப் பெண்கள் ஊ மணி என்கிறார்கள்.

முதல் நாள் கோலுக்குப் பின்னால் நின்றேன். சிரிப்பு வரவில்லை தேவி. பந்து இல்லாத பெண்கள் ஒருத்திகூட இடுப்பில் கை வைக்கவில்லை. வலதுபக்கம் ஒரு குட்டிப்பெண், தனக்கா மரச்சாந்து பூசிய கன்னம் மழையில் கரைந்து வழிய, பந்து தன் பக்கம் வரவே வராது என்று தெரிந்தும் ஓடிக்கொண்டே இருந்தாள். பந்து வந்தது. வந்தபோது அவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். நடுவில் எட்டாம் எண். அவள் பந்தை வாங்குவதற்கு முன் இரண்டு தோளுக்கும் பின்னால் ஒருமுறை பார்க்கிறாள், வீதியைக் கடக்கிற பிள்ளை மாதிரி. பிறகு ஒரே தட்டு. இந்த ஊர் ஆண்கள் அணிகளில் அப்படி ஒருத்தனைப் பார்த்து எத்தனையோ மழை ஆகிறது.

இரண்டாம் நாள் பக்கக்கோட்டில் நின்றேன். பின்வரிசைக் கயிறு மா ஏ கோலில் நிற்கும்போது விறைப்பாக இருந்தது, ரிஸ்வானா நிற்கும்போது தொய்ந்தது. ஆனால் கைகள் என்று பார்த்தால் ரிஸ்வானாதான். சேற்றில் வழுக்கி வருகிற பந்தைப் பூனைக்குட்டியைத் தூக்குவது போலத் தூக்கிவிடுகிறாள். மா ஏயின் கையில் இரண்டு முறை நழுவியது. நிஜாம் முதல் அணியின் பச்சை மேல்சட்டையை ஒவ்வொரு நாளும் மா ஏக்கே கொடுத்தான். கொடுக்கும்போது மகளைப் பார்க்கவில்லை.

"ஏன்டா இது?" என்று அன்று கேட்டேன்.

"என் மகளைப் போட்டா தன் பிள்ளையைப் போட்டுக்கிட்டான்னு பேசுவாங்க அண்ணே. அந்தப் பொண்ணு டாலாவில இருந்து இருட்டோட கிளம்பி வருது. அது மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? மா ஏயைப் போட்டா வீட்டில ரெண்டு பேர் என்கிட்ட பேசமாட்டாங்க. அதைத் தாங்கிக்கலாம். நீங்க எழுதிட்டீங்கன்னா யாருக்கும் பேச்சில்ல. பத்திரிகை சொல்லிடுச்சு, அவ்வளவுதான்."

"பத்திரிகையே இல்லையேடா."

"தேவி பக்கம் இருக்கில்ல. எல்லாப் பிள்ளைங்களும் அதைத்தான் பார்க்குது."

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்கிறார்களே, இதோ பாருங்கள், சைக்கிள் மட்டும்தான் மாறியிருக்கிறது.

மூன்றாம் நாள் முதுகைக் காட்டி நின்றேன். மழை காதில் மணல் போட்டது. முதலில் மா ஏயின் பக்கம். அவள் குரல் டாலா படகில் எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வளர்ந்த குரல். குரல், உதை, ஓட்டம். பிறகு ரிஸ்வானாவின் பக்கம். விசில், உதை, நிஜாமின் குரல், ஓட்டம். விசில், நிஜாமின் குரல், உதை. அவளிடமிருந்து ஒரு எழுத்துக்கூட இல்லை. கைகள் மட்டும் உள்ளே, குரல் வெளியே.

இதை நான் முன்பு கேட்டிருக்கிறேனே!

திரும்பினேன். "நிஜாம், போய் ஒரு டீ குடிச்சிட்டு வா."

"பயிற்சி நடுவிலயா?"

"நடுவிலதான். விசிலைக் கொடு."

முணுமுணுத்துக்கொண்டே கேட்டைத் தாண்டினான். நான் விசிலைச் சட்டைப்பையில் போட்டு மறுபடி முதுகைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மழை, மூச்சு, தண்ணீரில் கால். ஒரு உதை. ஒரு கோல். யாரோ சிரித்தார்கள். இன்னொரு உதை.

அப்புறம் வந்தது. முதலில் தொண்டையைச் செருமிக்கொண்ட ஒரு குரல். "இடது." அடுத்தமுறை கொஞ்சம் பெரிதாக. "இடது, ஏறு!" பிறகு, யார் வீட்டுச் சங்கிலி அறுந்ததோ தெரியாது, தமிழும் பர்மியமும் கலந்து பொழிந்தது. "விடு! எனக்கு! நீ அவளைப் பிடி, ஓடு, ஓடு, நில்லு!" குரல், உதை, ஓட்டம். குரல், உதை, கை. பின்வரிசைப் பெண்கள் ஊவென்று கத்தினார்கள். ஒருத்தி, "ஏடீ, இவ்வளவு நாளா இதை எங்க வச்சிருந்தே?" என்றாள். எனக்குத் திரும்பிப் பார்க்க அவ்வளவு ஆசை. திரும்பவில்லை. முதுகு முழுக்கப் புல்லரித்து, நனைந்த சட்டைக்குள் சிரித்துக்கொண்டு நின்றேன்.

டீக்கடையில் நிஜாமின் டீ அப்படியே இருந்தது. அங்கே வரை கேட்டிருக்கிறது.

"அவளா?" என்றான்.

"அவளேதான். நீ நின்னா அவளுக்கு வாய் வராது. நீ கோட்டுக்கு வெளியே இருந்து ஆடினது போதும். கோலை அவகிட்ட விடு."

அவன் கண்ணைத் துடைத்தான், மழை என்று வைத்துக்கொள்வோம். "அப்ப எழுதிடுங்க அண்ணே."

"எழுதமாட்டேன். நீ மா ஏகிட்ட சொல்லு. சொன்னப்புறம் எழுதறேன்."

"அண்ணே..."

"அன்னைக்குக் கடைக்கு நான் வந்தேனே. என் மேல கோபமா இருந்தியா?"

"உங்க மேல எதுக்கு? நீங்க வந்தீங்க." கிளாஸைச் சுழற்றினான். "சயா மேலதான். சேதிக்காக இல்ல. என் மூஞ்சியைப் பார்க்காம இருந்தாரே. அந்த வருசம் முழுக்க ஷூ லேஸைப் பார்த்துத்தான் என்கிட்ட பேசினார்."

சொல்லவேண்டியதை அவனே சொல்லிவிட்டான். அது அவனுக்கும் கேட்டது. எழுந்து போனான்.

கேட்டருகில் நின்று பார்த்தேன். மா ஏயைத் தனியாகக் கூப்பிடவில்லை. எல்லோர் நடுவிலும், அவள் எதிரே போய் நின்று, தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். மழைச் சத்தத்தில் சொற்கள் கேட்கவில்லை. மா ஏ பச்சை மேல்சட்டையைக் கழற்றினாள். மடிக்கவில்லை, பிழிந்தாள். நன்றாக, தண்ணீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, ரிஸ்வானாவின் கையில் வைத்தாள். ரிஸ்வானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மா ஏ பையை எடுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தாள். என்னைத் தாண்டும்போது கண் சிவந்திருந்தது.

அன்று மாலை முன்னோட்டத்தை அனுப்பியதிலிருந்து தேவியின் தொல்லை. "ஊ மணி, எல்லாம் வந்துடுச்சு. படிக்கப் படிக்க எனக்கே ஓடணும் போல இருக்கு. ஆனா கோல்கீப்பர் இடம் காலியா வந்திருக்கு. லைன் அறுந்திடுச்சா?"

"அறுகல. பொறு."

"எதுக்குப் பொறுக்கணும்?"

"ஒரு படகுக்கு."

சொல்லவேண்டியவன் சொல்லியாயிற்று. பெயரை எழுதியிருக்கலாம்தான். ஆனால் மா ஏ திரும்பி வராவிட்டால் நான் எழுதிய மற்றப் பத்து வரியும் பொய். ஒரு கோல்கீப்பர் மட்டும் உள்ள அணிக்கு சீசன் கிடையாது. ஒரு விரல் சுளுக்கினால் கதை முடிந்தது. நிஜாமுக்கு அது தெரியும். மறுநாள் காலை அவன் பயிற்சியைப் பார்க்கவே இல்லை, துறைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ரிஸ்வானா கோலில் நின்று அவ்வப்போது அதே பக்கம் திரும்பினாள். குரல் மட்டும் நிற்கவில்லை.

வழக்கமான நேரம் தாண்டிவிட்டது. மழை தூறலாக இளைத்தது. நிஜாம் விசிலை வாயில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான்.

"படகு லேட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மைதானமே திரும்பியது.

மா ஏ ஓடி வந்தாள். கையில் கையுறை ஏற்கெனவே மாட்டியிருந்தது, படகிலேயே மாட்டிக்கொண்டாளோ என்னவோ. நிஜாமின் எதிரே வந்து நின்றாள்.

"சயா, நேத்து நீங்க சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டேன். இன்னைக்கு நான் சொல்றேன். அந்தக் கோலை நான் திருப்பி எடுப்பேன்."

"எடு" என்றான் நிஜாம். அவன் முகம் எனக்குத் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன் ஸ்ட்ராண்ட் ரோட்டில் இறுகிப்போனதே, அந்த முகம் அவிழ்ந்தது.

ரிஸ்வானா கோலிலிருந்து கத்தினாள்: "வா, வந்து எடு பார்ப்போம்!" அப்பா பக்கத்தில் நிற்கும்போதே கத்தினாள்.

மா ஏ சிரித்துக்கொண்டே அந்தப் பக்கக் கோலுக்கு ஓடினாள். பாதி வழியில் நின்று என்னைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"ஊ மணி! முதல் ஆட்டத்துக்கு மட்டும் அவ பேரை எழுதுங்க. ரெண்டாவது ஆட்டத்துக்கு இப்பவே ஒண்ணும் எழுதிடாதீங்க!"

தேவிக்கு போன் போட்டேன். "எழுதிக்கோ. கோல்கீப்பர், ரிஸ்வானா. முதல் ஆட்டத்துக்கு மட்டும்."

"அப்புறம்?"

அப்புறம் எனக்குத் தெரியாது. முன்னோட்டம் எழுதிய இத்தனை வருடங்களில் அப்படிச் சொல்ல இவ்வளவு சந்தோசமாக இருந்ததே இல்லை. போனை நனையாமல் பைக்குள் வைத்துவிட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். இரண்டு கோலிலிருந்தும், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு, இரண்டு குரல்கள். அதற்குப் பிறகுதான் பந்து.